பதினாறாவது தடம்

அன்று காலை நஜ்முத்தீன் காபியை ஆறவிட்டு, போன வாரம் தன் ஸ்டூடியோவில் பதிவு செய்த கல்யாண இசையைத் தடம் தடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்பாக்ஸ் துறைமுகத்துக்கு எதிரே கடலில் இருக்கும் கெர்க்கெனாத் தீவிலிருந்து வந்த மேளக்காரர்கள் வாசித்தது. மைக் ஒன்றுக்குத் தடம் ஒன்று. தபல் என்கிற முரசுகளுக்குச் சில, ஸுக்ரா என்கிற நாயனத்துக்குச் சில, கூடத்து மூலையில் தொங்கிய மைக்குக்கு ஒன்று. பதினாறாவது தடத்தில் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தான். இருந்தாலும் ஸ்பாக்ஸ்காரன் காலிச் சாக்கைக்கூட ஒரு தடவை உதறிப் பார்க்காமல் எறியமாட்டான். அழுத்தினான்.

ஓர் இருமல் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவனுடைய குரல். பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மச்சினன் மாஹிரிடம் பேசியது, சோப்புப் போட்டுக் கழுவியது மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது.

"கிழவன் ஊதற ஊதலைப் பாரு மாஹிர். இந்தக் காத்துல பாதியை மகனோட படகுக்குப் பின்னால நின்னு ஊதியிருந்தா, பையன் இத்தாலி போய்ச் சேர்ந்திருப்பான்."

மாஹிர் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நஜ்முத்தீனும் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான்.

கிழவன் என்றது கமீஸை. ஊரே அவரை அம் கமீஸ் என்று கூப்பிடும். பெரியவர்களை அப்படி அழைப்பதுதான் எங்கள் வழக்கம். அவருடைய மகன் அனீஸ், மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால், தீவின் கரையிலிருந்து இத்தாலிக்குக் கள்ளத்தனமாக ஆள் ஏற்றும் ஒரு படகில் ஏறிப் போனான். படகு கவிழ்ந்தது. மற்ற வீடுகளுக்கு உடலாவது வந்தது. அந்த வீட்டுக்கு அதுவும் வரவில்லை. துக்கம் கேட்கப் போனவர்களில் நஜ்முத்தீனும் ஒருவன். அங்கே காபி குடித்தான், அல்லா பொறுமை தரட்டும் என்றான், வாசலில் கமீஸைத் தழுவிக்கொண்டான். அதே வாய்தான்.

இப்போது விஷயம் என்னவென்றால், பதினாறு தடங்களும் அடங்கிய ஹார்ட் டிஸ்க் முந்தாநாளே கமீஸின் கைப்பையில் ஏறித் தீவுக்குப் போய்விட்டது. பிரெஞ்சுத் துறைமுகமான மார்சேயில் இருக்கும் தீவுக்காரர்கள் சங்கம்தான் பதிவுக்கு ஏற்பாடு செய்திருந்தது. அங்கே ஒருவர் தடங்களையெல்லாம் கலந்து இசைத்தட்டாக்குவார். அதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று கமீஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லோரும் என்றால் அவர், அவர் மகள், அவர் மனைவி மப்ரூக்கா. அனீஸின் தாய்.

நஜ்முத்தீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்டூடியோவில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தான்.

இந்தக் குரல் எப்படித் தடத்துக்குள் போனது என்று சொல்ல, கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் பதிவு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய மனிதர் யாராவது இருந்தால் அவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தையில் சாக்ஸ், செல்போன் உறைகளுக்குப் பக்கத்தில் பூட்டுடைத்த மென்பொருள் தட்டுகள் கிடக்கும். அதிலும் இரண்டு வாங்கினால் மூன்றாவது இனாம் என்று அடித்துப் பேசித்தான் வாங்குவோம். நஜ்முத்தீனின் ஸ்டூடியோ, தூனிஸ் சாலையில் குளியலறைச் சாமான் கடைக்கு மேலே இருக்கிறது. அவனும் அப்படித்தான் வாங்கினான். அப்படி வாங்கிய ஏதோ ஒரு தட்டுக்குள் இன்னொரு திருடன் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாப் பதிவுகளும் பூட்டிக் கிடந்தன. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று அரைகுறைப் பிரெஞ்சில் ஒரு கட்டளை. நஜ்முத்தீன் பிறந்த குணம் மாறாமல் அந்தத் திருடனோடு பேரம் பேசிப் பார்த்தான். திருடன் பதிலே போடவில்லை. வாடிக்கையாளர்களிடம் வயரிங் எரிந்துபோய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தான். சொல்லும்போது அவன் காது சிவந்ததாம்.

மாஹிர் அவன் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன். லினக்ஸைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"எவ்வளவு?" என்றான் நஜ்முத்தீன்.

"சும்மா மச்சான்."

"சும்மான்னா, முதல் மாசம் சும்மாவா?"

"எப்பவும் சும்மா. பதிவு பண்ற மென்பொருளும் சும்மா. மைக் எத்தனை வேணும்னாலும் போட்டுக்கலாம்."

"அப்ப அதுல என்ன கோளாறு?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் அந்த மாட்டுக்குத்தான் முதலில் பல்லைப் பார்ப்போம். விலை சொன்னால் பாதியாகக் குறைக்கலாம், எழுந்து போவது மாதிரி நடிக்கலாம். விலையே இல்லாத சரக்கிடம் ஸ்பாக்ஸ்காரன் என்ன செய்வான்? பாவம், நஜ்முத்தீன் இரண்டு நாள் யோசித்தான்.

பல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாடு உடனே வண்டியில் பூட்டிக்கொள்ளவில்லை. முதலில் பதிவில் மீன் பொரிக்கிற மாதிரி சடசடப்பு. மாஹிர் வந்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றி, ஒலி வேலைக்கு முதலிடம் கொடுக்கிற வேறொன்றைப் போட்டான். பிறகு மைக்குகளைச் செருகுகிற ஒலிப்பெட்டியின் பதினாறு துளைகளில் எட்டுதான் தெரிந்தன. அப்புறம் எல்லாம் தெரிந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நொடி தாமதமாக, மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தன. எத்தனையோ நாள் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு மதியம் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே பதினாறு மைக்கும் ஒரே நேரத்தில், ஒரு சொடக்குக்கூட இல்லாமல் ஓடியது. நஜ்முத்தீன் கீழே இறங்கிப் போய்க் குளியலறைச் சாமான் கடைக்காரருக்குக்கூட இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவனோடு காபிக் கடையில் உட்கார முடியாமல் போயிற்று. திருட்டுச் சரக்கு ஹராம் என்பான். கொள்கைக்காக மாறினேன் என்பான். அவனுக்கு அந்தத் தட்டுகளை விற்றவனே பக்கத்து மேசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவனுக்கு அதில் மிகவும் பிடித்தது திரையில் வயர் இழுப்பதுதான். இந்தப் பக்கம் மைக்குகள், அந்தப் பக்கம் தடங்கள், ஹெட்போன்கள், ஸ்பீக்கர்கள். எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் ஒரு கோடு இழுத்தால் ஒலி போய்விடும். எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்கிறதே, இத்தனை பெரிய மிக்ஸர் மேசை எதற்கு என்று அதை ஒரு கல்யாண மண்டபக்காரருக்கு விற்றுவிட்டான். அந்த மேசையில் ஒரு பொத்தான் இருந்தது. உள்ளே வாசிப்பவர்களோடு பேச வேண்டுமானால் அதை அழுத்திப் பேச வேண்டும். விரலை எடுத்தால் பேச்சு அறுந்துவிடும். மேசையோடு பொத்தானும் போய்விட்டது. பேசுகிற மைக்கை நஜ்முத்தீன் பெட்டியின் கடைசித் துளையில் செருகினான். திரையில் அதன்மேல் அழுத்தினால் மங்கும். மங்கினால் வாய் மூடிக்கொண்டது என்று நினைத்தான். அது அவன் காதைத்தான் மூடியது. மென்பொருள் தன் காதை மூடவில்லை. சிவப்பு விளக்கு எரிகிற தடத்தில் எதைக் கேட்டாலும் எழுதிக்கொண்டே போவது அதன் சுபாவம். முதலாளி பேச்சா வாடிக்கையாளர் பேச்சா என்று அது பார்ப்பதில்லை.

பதிவு நாளில் அவனுக்குக் கோபம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது நியாயமாகாது, ஆனாலும் இருந்தது. ஸுக்ராவின் சத்தம் எல்லா மைக்குக்குள்ளும் புகுந்து வழிந்தது. கமீஸைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். தபல்காரர்களின் முகம் தெரியாமல் வாசிக்க வராது என்று அவர் மறுத்துவிட்டார். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான். அவரும் முகம் சுளிக்காமல் வாசித்தார். கோபக்காரனுக்குப் பக்கத்தில் சிரிக்கத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருந்தால் நாக்கு சும்மா இருக்குமா?

வேலை முடிந்ததும் பேரம் வந்தது. மார்சேக்குத் தேவையான தடங்கள் பன்னிரண்டோ என்னவோதான், அதைத் தருகிறேன் என்றான் நஜ்முத்தீன். கமீஸ் தலையை ஆட்டினார். எத்தனை ஓடியதோ அத்தனையும் வேண்டும், காலியாக இருந்தாலும் வேண்டும் என்றார். காலித் தடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று இவன் கேட்க, ஸ்பாக்ஸ்காரன் எதையாவது கையில் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பான், அது எனக்குத் தெரியும் என்று அவர் சிரிக்காமல் சொன்னார். நஜ்முத்தீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட்டது பதினாறு, இந்தாருங்கள் பதினாறு என்று, ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் நகலெடுத்துக் கொடுத்தான். பேரத்தில் தோற்றவன் சரக்கைப் பார்க்காமல் அள்ளிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கையை விரித்துக் காட்டுகிற பெருமை அது.

அந்தப் பெருமைதான் இப்போது தீவில் இருந்தது.

போன் அடித்தது. கமீஸ்.

நஜ்முத்தீன் எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தான். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். டிஸ்க் திறக்கவில்லையாம். மகள் வஹீதாவின் கம்ப்யூட்டரில் போட்டால், இந்த டிஸ்க்கை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அழித்துப் புதிதாக அமைக்கட்டுமா என்று கேட்கிறதாம்.

நஜ்முத்தீனுக்கு மூச்சு வந்தது. லினக்ஸ் முறையில் அமைத்த டிஸ்க்; மற்ற கம்ப்யூட்டர்கள் அதைத் திறக்காது. அதைக் கொடுக்கும்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. சும்மா வந்த சரக்கு முதல் தடவையாக அவனுக்கு லாபம் கொடுத்தது.

"சரின்னு அழுத்தச் சொல்லுங்க அம் கமீஸ். அழிஞ்சா பரவாயில்ல, நான் வேற அனுப்பறேன்."

கமீஸ் உடனே மறுத்தார்.

"வேணாம் மகனே. கையில இருக்கறதை ஏன் அழிக்கணும்? நீ வந்து திறந்து குடு. மப்ரூக்கா கேக்கணும்னு உக்காந்திருக்கா."

மகனே என்று அவர் எல்லோரையும்தான் கூப்பிடுவார். அன்றைக்கு அது நஜ்முத்தீனின் நெஞ்சில் வேறு மாதிரி விழுந்தது.

அவன் மாஹிரை அழைத்துச் சொன்னான். மாஹிர் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை விழுங்கினான், பிறகு பள்ளிக்கூடத்தில் மணியடித்துவிட்டது என்றான். நஜ்முத்தீன் தனியாகவே ஒரு வழி யோசித்தான். அதே நீளத்துக்கு, அதே பெயரில், வெறும் மௌனத்தை ஒரு தடமாகச் செய்தான். தீவுக்குப் போய், டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் திறக்கிற சாக்கில் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிட வேண்டும். எண்ணிப் பார்த்தாலும் பதினாறு இருக்கும். தன் வாழ்நாளில் செய்த பதிவுகளிலேயே சுத்தமானது அதுதான் என்று அவனுக்கே தோன்றியது. அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

கார்களையும் ஏற்றிக்கொண்டு பெரிய படகு கிளம்பியது. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. மற்றவர்கள் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கினார்கள். நஜ்முத்தீன் கீழே தன் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தண்ணீரைப் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை.

வீட்டில் அவனுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொன்னால் உங்களுக்கே கூசும். ஸ்பாக்ஸிலிருந்து ஒரு டிஸ்க்கைத் திறப்பதற்காக மனிதன் கடல் தாண்டி வந்திருக்கிறான் என்று மப்ரூக்கா பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பேய்க்கணவாய் போட்ட பார்லிக் குஸ்குஸ் அடுப்பில் இருந்தது. வஹீதா அவன் லேப்டாப்புக்கு மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அவன் தோளை ஒட்டியே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். திரையின் ஒரு மூலைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. தடத்தை மாற்றுகிற வழி அங்கேயே அடைபட்டுப்போனது. நஜ்முத்தீனால் முடிந்ததெல்லாம், திறந்த வேகத்தில் பதினாறாவதை மங்கவைத்து அதன் சத்தத்தை அடைத்ததுதான்.

இசை கிளம்பியது. நன்றாகத்தான் வந்திருந்தது. தபல்கள் வயிற்றில் இடித்தன. மேலே ஸுக்ரா ஏறி ஓடியது. மப்ரூக்கா கரண்டியோடு கதவில் சாய்ந்து நின்றாள்.

"இவர் வாசிச்சு நான் முழுசாக் கேட்டதே இல்ல தெரியுமா? கல்யாணத்துல நாங்க உள்ள சமைச்சுக்கிட்டு இருப்போம். வெளியில ஒரு வால்தான் கேக்கும்."

முடிந்ததும் அவள், இவர் ஊதுவதை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று நஜ்முத்தீன் சொல்வதற்குள் வஹீதா மௌஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். பார்த்தவுடனேயே பிடிபட்டுவிட்டது அவளுக்கு. முதல் தடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தனியே ஒலிக்கவிட்டாள். இது பெரிய தபல். இது சின்னது. இது அப்பா. மப்ரூக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மௌஸ் கீழே கீழே இறங்கியது. நஜ்முத்தீனுக்கு எழுந்து ஓடலாம் போலிருந்தது. தட்டிவிட்டு லேப்டாப்பை மூடலாம், பேட்டரி போய்விட்டது எனலாம். இத்தனை பொய்களை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறவனுக்கு அன்று ஒன்றுகூட வாய்வரை வரவில்லை.

"கடைசியா இருக்கறது ஏன் மங்கலா இருக்கு?" என்று வஹீதா கேட்டாள்.

நஜ்முத்தீன் வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த கமீஸ் பதில் சொல்லிவிட்டார்.

"அது காலி. விடு."

"இல்லப்பா, அலை தெரியுதே. ஏதோ இருக்கு."

"காத்து. அன்னிக்கு ஒரு கதவு திறந்திருந்துச்சு, நான் பார்த்தேன். அணைச்சுட்டு வா, சோறு ஆறுது."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வஹீதா மௌஸை வைத்துவிட்டாள். கமீஸ் நஜ்முத்தீனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலிருந்துதான் நஜ்முத்தீனுக்குப் புரிந்தது. அவனுக்குப் பேச்சு மைக்கிலிருந்து தானே திரையில் இழுத்த கோடுகள் நினைவுக்கு வந்தன: ஒன்று தடத்துக்கு, இன்னொன்று நேராக, உள்ளே கமீஸின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்கு. அவன் மங்கவைத்தது தடத்தை மட்டும்தான்.

மப்ரூக்கா அவன் பக்கமாகப் பார்த்துப் பேய்க்கணவாயை ஒதுக்கி ஒதுக்கிப் போட்டாள். போதும் என்றால் ஸ்பாக்ஸ்காரர்கள் வீட்டில் இப்படித்தான் எண்ணிப் போடுவார்களா என்று கேட்டுச் சிரித்தாள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

படகுத் துறைவரை கமீஸ் கூடவே காரில் வந்தார். வண்டிகள் வரிசையில் நின்றன. நஜ்முத்தீன் லேப்டாப்பை மடியில் வைத்து, டிஸ்க்கிலிருந்து அந்தத் தடத்தை அவர் கண் முன்னால் அழித்தான். முதல் தடவை தவறான இடத்தில் அழுத்தினான்.

"ஹெட்போனைக் காதுல மாட்டிவிட்டது நீதானே மகனே" என்றார் கமீஸ். "தபல்காரப் பசங்க தொப்பி நசுங்கும்னு வேணாம்னாங்க. நான்தான் நீ சொல்றியேன்னு மாட்டிக்கிட்டேன்."

"எல்லாம் கேட்டுச்சா?"

"பக்கத்துல நின்னு பேசற மாதிரி."

நஜ்முத்தீன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். கமீஸ் கையை லேசாகத் தூக்கினார்.

"வேணாம். நீ மன்னிப்புக் கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். அது எனக்கு வராது."

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"காதுக்கு வந்தது பெட்டிக்குள்ளயும் போயிருக்கும், வாங்கி அதை எடுத்துடணும்னுதான் எல்லாத்தையும் குடுன்னு கேட்டேன்" என்றார். "விட்டா மார்சேக்குப் போய், அங்கேருந்து யார் யார் போனுக்கோ போய், ஒரு நாள் அவ காதுல விழும். உன்கிட்ட இன்னொண்ணு இருக்குமே?"

"இருக்கு அம் கமீஸ்."

"அதையும் எடுத்துடு. அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

டிஸ்க்கை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். மப்ரூக்கா கொடுத்தனுப்பிய காய்ந்த பேய்க்கணவாய்க் கட்டு பின் இருக்கையில் கிடந்தது. கார் முழுக்க அதன் வாசம்.

ஸ்டூடியோவுக்கு வந்ததும் தன்னிடமிருந்ததை அழித்தான். அழிக்குமுன் ஒரு தடவை, அந்தத் தடத்தையும் ஸுக்ரா தடத்தையும் சேர்த்து ஓடவிட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனால் சொல்ல முடியவில்லை. கன்னத்தில் யாராவது அறைய மாட்டார்களா என்று தேடுகிறவன் செய்கிற காரியம். ஸுக்ராக்காரர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுப்பார்கள். ஊதத் தொடங்கினால் பாட்டு முடியும்வரை இழை அறாது. அறுந்தால் தொழிலுக்கே இழுக்கு. அன்று காலை தடங்களைத் தனித்தனியாகக் கேட்டபோதும், தீவில் பயந்துகொண்டே கேட்டபோதும் அவன் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கேட்டது. இத்தாலி என்று தன் குரல் சொல்லி முடித்த இடத்தில், மாஹிரின் சிரிப்புக்கு அடியில், ஸுக்ரா நின்றுபோனது. தபல்கள் மட்டும் ஓடின. பிறகு கமீஸ் மறுபடி எடுத்துக்கொண்டார்.

மார்சேயில் தடங்களைக் கலக்கிறவர் சில நாளில் அதையே கேட்டார். நாயனத்தில் ஓர் இடத்தில் ஓட்டை இருக்கிறது, இன்னொரு முறை வாசித்ததிலிருந்து வெட்டி எடுத்து மூடிவிடட்டுமா, யாருக்கும் தெரியாது என்றார். தனித்தனித் தடங்களின் வசதியே அதுதான். நஜ்முத்தீன் தானாக முடிவு செய்யத் துணியாமல் தீவுக்குப் போன் போட்டான்.

"மூட வேணாம்" என்றார் கமீஸ். "அந்த இடத்துல நான் ஊதல. ஊதினதா எதுக்கு இருக்கணும்?"

அப்படியே இசைத்தட்டு வந்தது. மார்சேயிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். கோடையில் ஸ்பாக்ஸ் கல்யாணங்களில் அதைப் போடத் தொடங்கினார்கள். மிக்ஸர் மேசையை வாங்கிய அதே மண்டபக்காரரின் கூடத்தில் ஒரு கல்யாணம். ஆண்கள் பக்கம் சுவரோரமாக நாற்காலிகள், நடுவில் பாதாம், சர்பத். நஜ்முத்தீனும் மாஹிரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வந்தது. ஸுக்ரா நின்றது.

"கேட்டீங்களா?" என்றார் ஓர் எண்ணெய் வியாபாரி. "மூச்சு வாங்கறார். கமீஸுக்கு வயசாயிடுச்சு."

என் மகள் கல்யாணத்துக்கு அவரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார் இன்னொருவர். அப்படியானால் இப்போதே மாற்றிக்கொள், தீவில் இளசாக ஒருவன் இருக்கிறான், கன்னம் தோல் பை மாதிரி என்றார் வியாபாரி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். சரக்கின் தரத்தை மதிப்பிடுகிற விஷயத்தில் எங்கள் ஆட்கள் இரக்கம் பார்ப்பதில்லை. மாஹிர் ஒரு பாதாமை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவருக்கு மூச்சு போகல" என்றான் நஜ்முத்தீன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இதைப் பதிவு பண்ணினவன் நான். உள்ள அவர் ஊதிக்கிட்டு இருக்கறப்ப, வெளியில உக்காந்து அவரைப் பத்தி ஒரு அசிங்கமான பேச்சுப் பேசினேன். என் வயர் கோளாறு, அது அவர் காதுல விழுந்துச்சு. அதனால நின்னார். வேற யாரா இருந்தாலும் ஸுக்ராவைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க. அவர் பாட்டை முடிச்சுக் குடுத்தார்."

"அப்படி என்ன பேசினே?" என்றார் வியாபாரி.

"இன்னொரு தடவை சொல்ற பேச்சு இல்ல."

மகன் என்ற சொல் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டான். அந்தச் சொல்லைச் சொன்னால் மீதியை ஊரே சேர்த்துப் படித்துவிடும். படித்தது படகேறித் தீவுக்குப் போய்விடும். வியாபாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பதிவுக்கு என்று தன் மருமகனை அவனிடம் அனுப்புவதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லாமல், நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி, மகள் கல்யாணம் என்றவரிடம் கமீஸின் எண் இருக்கிறதா என்று கேட்டார். அவர் இருக்கிறது என்றார்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்கிறவர்கள் சொல்லிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. நஜ்முத்தீனுக்குக் கழுத்துவரை சூடாக இருந்தது. எழுந்து போகலாமென்றால் வாசல் மறுகோடியில். வரிசையாக எல்லோருடைய முழங்காலையும் தாண்டி, ஒவ்வொருவரிடமும் மன்னியுங்கள் மன்னியுங்கள் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒலிபெருக்கியில் கமீஸ் மறுபடி ஊதத் தொடங்கியிருந்தார். பாட்டு இன்னும் நிறைய இருந்தது. அவன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.